வேறு ஆதாரம் இல்லாதபோது

பாளையங்கோட்டை நீர்ப் பரிசோதனைக் கூடத்தில்
என் மேசைக்கு ஊர்கள் பாட்டிலில் வரும்.
திசையன்விளைக்குத் தெற்கே சங்கனான்விளையை
பழைய சர்பத் பாட்டிலில் கொண்டுவந்தான்
தொட்டி ஆபரேட்டர் கொம்பையா,
மூடிக்கு அடியில் பாலித்தீன் சொருகி.
அந்த ஊரை நான் பார்த்ததில்லை.
பார்க்கவும் வேண்டாம்.
உப்பு, கடினம், ஃபுளோரைடு, நைட்ரேட்,
கலங்கல், நிறம், வாடை:
படிவம் கேட்பது அவ்வளவுதான்.
நாக்குக்கு அங்கே வேலை இல்லை.

ஜெபக்கனி என்னோடு படித்தவள்.
இப்போது பெங்களூரில்
தூர நட்சத்திரங்களின் வெளிச்சத்துக்குக் கணக்கு எழுதுகிறாள்.
ஞாயிறு ராத்திரி போன் வரும்.
"ஏட்டி, ஒண்ணு கிடைச்சிருக்கு.
நாப்பத்தேழு ஒளியாண்டு. நம்ம பூமியவிடக் கொஞ்சம் தடி.
அதோட சூரியன் சின்னது, செவப்பு.
பன்னெண்டு நாளைக்கு ஒருக்கா குறுக்க போவுது."
"தண்ணி உண்டா?"
"உண்டுன்னு யாரு சொன்னா?
இருந்தா உறையாது, கொதிக்காது. அம்புட்டுதான்."

வெளிச்சம் துளி குறைகிறது,
மறுபடி நிறைகிறது.
அந்தக் குறைச்சலை வைத்து
அங்கே ஊர் வைக்கலாமா என்று சொல்ல வேண்டும் அவள்.
எனக்காவது பாட்டில் இருக்கிறது.

"அங்க இருந்து நம்மளப் பாத்தா?"
வருஷத்துக்கு ஒருமுறை, பதின்மூன்று மணி நேரம்,
நம் சூரியனில் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூடக் குறையாதாம்.
அதற்குள்தான் பொதிகை.
அதற்குள்தான் வண்ணார்பேட்டை நெரிசல்,
கொம்பையாவின் செயின் கழன்ற சைக்கிள்.
மூன்று வருஷம் மூன்று முறை குறைந்தால்தான் நம்புவார்களாம்.
"பொறவு காத்தைப் பாப்பாவ.
பிராணவாயுவும் மீத்தேனும் ஒண்ணா இருந்தா சந்தேகம் வரும்.
ஒண்ணையொண்ணு தின்னு தீத்துரணும் ரெண்டும்.
தீரலைன்னா
யாரோ ஊத்திக்கிட்டே இருக்காவன்னு அர்த்தம்."

ஊற்றுவது யாரென்று எனக்குத் தெரியும்.
பிசானத்துக்குத் தண்ணீர் கட்டி நிறுத்திய வயல்.
முக்கூடல் ஆற்றோரம்
மூக்குவரை முங்கிக் கிடக்கும் எருமைகள்.
நமக்காகக் கையெழுத்துப் போடுவது
அவைதான்.

சங்கனான்விளை:
உப்பு இரண்டாயிரத்து நானூறு,
ஃபுளோரைடு இரண்டுக்கு மேல்.
குடிக்க உகந்ததல்ல என்று முத்திரை குத்தினேன்.
கொம்பையா வாங்கி, வாசித்து, நாலாக மடித்தான்.
"அப்போ நாங்க அங்ஙன இல்லங்கியளா, மேடம்?"
சிரித்துக்கொண்டுதான் கேட்டான்.

மறு மாதிரி எடுக்க நானே போனேன்.
காற்றாடிகள், உடைமரம், செம்மண்.
லூர்துக்கனி வீட்டில் கடுங்காப்பி.
பால் ஊற்றினால் திரிந்துவிடுமாம்.
சோப்பு நுரைக்காத அந்தத் தண்ணீரில்தான்
அவள் மகளின் யூனிஃபார்ம்
கஞ்சி போட்டதுபோல் விறைத்துக் கொடியில் ஆடியது.
பிள்ளை என்னைப் பார்த்துச் சிரித்தாள்.
பல்லெல்லாம் பழுப்புக் கோடு.

காப்பியை முழுக்கக் குடித்தேன்.
முத்திரையை மாற்றவில்லை.
அந்தப் பல்லைப் பார்த்தபின் எப்படி மாற்றுவது?

அடுத்த ஞாயிறு ஜெபக்கனி சொன்னாள்:
"கழிச்சாச்சுட்டி அதை. அந்தச் சூரியன் கோவக்காரன்.
வாரத்துக்கு ரெண்டு தடவ வெடிக்கான்.
காத்தையெல்லாம் எப்பவோ உரிச்சிருப்பான்."
"போய்ப் பாத்தியா?" என்றேன்.
போனில் கொஞ்ச நேரம் ஃபேன் சத்தம் மட்டும்.
"நீ போய்ப் பாத்துட்டு மாத்தினியா?" என்றாள்.

எங்கள் தர அட்டவணையில் இரண்டு எண்கள் உண்டு.
முதலாவது, இருக்க வேண்டிய அளவு.
இரண்டாவது,
வேறு நீராதாரம் இல்லாத பட்சத்தில் பொறுத்துக்கொள்ளும் அளவு.
சங்கனான்விளை இரண்டாவதையும் தாண்டிவிட்டது.
நாம் குடியிருக்கும் கோளுக்கு
எந்த எண் என்று அவளிடம் கேட்க நினைத்து
கேட்காமல் வைத்துவிட்டேன்.

திங்கட்கிழமை, படிவத்தின் அடியில்,
யாரும் நிரப்பாத குறிப்புக் கட்டத்தில்
பேனாவால் எழுதினேன்:
நூற்றுப்பத்து வீடு. ஆள் இருக்கிறார்கள்.
லாரி அனுப்பவும்.